முதலாளியின் தனிமைக்கு மணிக் கணக்கில் மருந்து!

முதலாளிமாருக்கு ஒரு வியாதி வந்திருக்கிறதாம். அதன் பெயர் தனிமை. உச்சி நாற்காலியில் இருப்பவர் கீழே உள்ளவர்களிடம் மனம் திறக்க முடியாது. பங்குதாரரிடம் கலக்கத்தைக் காட்ட முடியாது. போட்டிக் கம்பெனிக்காரனிடம் வாயே திறக்க முடியாது. ஆகவே பணம் கொடுத்து ஓர் ஆளை அமர்த்திக் கொள்கிறார்கள். அவர் ரகசியமாக உட்கார்ந்து குறை கேட்பார், கேள்வி கேட்பார், யோசனைக்கு வழி காட்டுவார். இதற்கு ‘எக்ஸிக்யூட்டிவ் கோச்சிங்’ என்று பெயர். கோச்சு என்றால் நமக்குத் தெரிந்தது ரயில் பெட்டியும் குதிரை வண்டியும்தான். இந்தக் கோச்சு மனிதர்! இவர்களுக்கென்று 1995ல் அமெரிக்காவில் ஒரு சம்மேளனமே தோன்றிவிட்டது.

நாம் கேலி செய்யவில்லை, தோழர்களே. தனிமை பொய்யல்ல. ஆனால் அது எங்கிருந்து வந்தது? வேலையை விட்டு நீக்கும் அதிகாரம் எவன் கையில் இருக்கிறதோ, அவனிடம் எவன் உண்மை பேசுவான்? மிராசுதாரிடம் காரியஸ்தன் என்றைக்காவது “பண்ணையில் ஜனங்கள் பட்டினி” என்று சொன்னதுண்டா? “எல்லாம் க்ஷேமம்” என்றுதானே சொல்வான்! மானேஜர் சங்கதியும் அதேதான்.

2021 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கானில் வேலை செய்த பெண்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு விஷமாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சக தோழிகளின் கதி என்ன என்று தெளிவாகச் சொல்ல ஆளில்லை. செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் சாலையில் உட்கார்ந்தார்கள். ஊரும் உறவும் விட்டு வந்து ஓர் அறையில் பலராக அடைந்து கிடந்த அந்தப் பெண்களுடைய தனிமைக்கு எந்தக் கோச்சு வந்தார்? விடுதியில் தங்களுக்கென்று ஒரு சங்கம் இருந்திருந்தால், பருப்பில் புழு என்றும் அறையில் நெரிசல் என்றும் மேலிடத்துக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். காசு செலவில்லாமல்!

ஆனால் சங்கம் என்றால் இவர்களுக்குக் கசக்கிறது. 2024 செப்டம்பர் 9ந் தேதி சாம்சங் தொழிலாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆலையை விட்டு வெளியே வந்தார்கள். முக்கியக் கோரிக்கை என்ன? தாங்கள் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்து அதனுடன் பேச வேண்டும் என்பதே. முப்பத்தேழு நாள் நடந்தது போராட்டம். போலீஸ் வந்தது, கைதுகள் நடந்தன, பந்தல் பிரிக்கப்பட்டது. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் இருக்கக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. அந்தச் சொல்லைத் தாங்கிய பிரிட்ஜையும் வாஷிங் மிஷினையும் செய்கிற கைக்கு அந்தச் சொல்லை எழுத உரிமையில்லையாம்! 2025 ஜனவரி 27ந் தேதிதான் சங்கம் பதிவாயிற்று.

முதலாளிகளிடம் இன்னொரு பழைய பல்லவியும் உண்டு. ‘வெளியாள் தலையிடுகிறான்’ என்பது அது. 1918ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். பின்னர் அதன் தலைவர் பி.பி.வாடியா மீது பின்னி கம்பெனி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளி தனக்குப் பேச வெளியாளை அழைத்தால் வழக்கு. முதலாளி தனக்குப் பேச வெளியாளை அழைத்தால் அது நவீன நிர்வாகக் கலை! அந்த வெளியாளின் பீஸும் பெரும்பாலும் கம்பெனிக் கணக்கில்தான், அதாவது நம் உழைப்பிலிருந்துதான்.

குறை கேட்கும் வித்தை புதிதுமல்ல. அமெரிக்காவில் சிகாகோ பக்கத்து ஹாதார்ன் டெலிபோன் தொழிற்சாலையில் 1936ல் தொழிலாளிகளின் மனக்குறையைக் கேட்க ஆலோசகர்களை வைத்தார்கள். கேட்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. கூலியை உயர்த்தவோ, போர்மேனை மாற்றவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. பேசித் தீர்த்தால் மனம் லேசாகும், மிஷின் ஓடும் என்பது கணக்கு. அன்று தொழிலாளிக்குக் கொடுத்த கஷாயத்தை இன்று முதலாளியே குடிக்கிறார். ஒரே வித்தியாசம், அவர் மனம் லேசாகி எழுந்து வந்ததும் தீர்மானம் போடுகிற அதிகாரம் அவரிடமே இருக்கிறது. ஆட்குறைப்புத் தீர்மானமும் அதில் அடக்கம்.

ஒரகடத்தில் ஷிப்டு பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒரிஸ்ஸாப் பையனைப் பாருங்கள். தமிழ் தெரியாது. காண்டிராக்டர்தான் எஜமான், கார்டில் கம்பெனி பெயர்கூட இராது. பக்கத்து மிஷினில் நிற்பவன் நிரந்தரத் தொழிலாளி, இவன் பயிற்சியாளன். இருவரும் பேச நேரமுமில்லை, பாஷையுமில்லை. அவனிடம் முதலில் போய்ப் பேச வேண்டியவர்கள் நாம். அரைகுறை இந்தி போதும். இந்த வாரமே டீக்கடையில் தொடங்கலாம்.