சமரச மையம் கட்டப்பஞ்சாயத்து அல்ல

கோர்ட்டுக்குப் போனால்தான் நியாயம், சமரசம் பேசுவது இளைத்தவன் வேலை என்று நம்மில் பலர் நம்புகிறோம். வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே வக்காலத்தில் கையெழுத்துப் போட ஓடுகிறவர், எதிராளியோடு உட்கார்ந்து பேசச் சொன்னால் முகம் சுளிக்கிறார். அதற்கு அவர் அடுக்கும் காரணங்களில் ஒன்றைத் தவிர மற்றவை நிற்காது.

முதலில் வருவது, ‘இதுவும் கட்டப்பஞ்சாயத்துதானே?’ என்ற கேள்வி. கட்டப்பஞ்சாயத்தில் நடுவில் இருப்பவர் சொல்வதுதான் தீர்ப்பு. மறுத்தால் மிரட்டல், ஊர்விலக்கு. சமரசருக்கோ தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே கிடையாது. ஒரு தரப்பு ‘எனக்கு ஒத்துவராது’ என்று எழுந்துவிட்டால், வழக்கு வந்தபடியே நீதிபதியிடம் திரும்பும். அங்கே பேசிய பேச்சை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் தொடங்கியது. அதைக் கட்டப்பஞ்சாயத்தோடு சேர்த்துப் பேசுவது பெரிய அநியாயம்.

‘இன்று கையெழுத்துப் போட்டு, நாளைக்கு மாற்றிப் பேசினால்?’ என்பது அடுத்தது. நீதிமன்றம் அனுப்பிய வழக்கில் அந்த ஒப்பந்தம் நீதிமன்றத்துக்கே போய்த் தீர்ப்பாணை ஆகிவிடும். சம்மதத்தின் பேரில் பிறந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. மறுபக்கம் பாகப்பிரிவினை வழக்கைப் பாருங்கள். முதலில் முதனிலைத் தீர்ப்பாணை. பிறகு கமிஷனர் வந்து நிலத்தை அளக்க வேண்டும். அதன்பின் இறுதித் தீர்ப்பாணை. அதற்கும் பிறகு நிறைவேற்று மனு. இடையிடையே அப்பீல். வழக்குப் போட்ட அப்பா போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் வாய்தாவுக்கு அலைகிறார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நீதிபதி வழக்குரையில் கேட்டதற்குத்தான் பதில் தர முடியும். அண்ணன் தம்பி இருவருக்கும் கிணற்றில் பாதிப் பாதி என்று அவர் எழுதலாம். மோட்டாரை எந்தெந்த நாள் யார் போடுவது, பழுதானால் யார் செலவு செய்வது, கடைசி வயலுக்கு டிராக்டர் எந்த வரப்போரம் போவது? தினம் தினம் சண்டை கிளம்புவது இவற்றில்தான். சமரச மேசையில் இவை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளலாம். தங்கை கல்யாணத்தில் நடந்த அவமரியாதையைக்கூட அங்கே வாய்விட்டுச் சொல்லலாம். பல குடும்பங்களில் வழக்கின் வேர் அதுவாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

கட்டிய கோர்ட் ஃபீஸ் போய்விடுமே என்ற கவலையும் வேண்டாம். நீதிமன்றம் அனுப்பி வழக்கு சமரசத்தில் முடிந்தால் தொகை திரும்பக் கிடைக்கும். தரப்பினர் தாமாகவே வெளியே பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று, சென்னையிலிருந்து போன வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இழுத்தடிக்கவே சமரசத்துக்கு வருகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அப்படித் தெரிந்தால் அன்றே எழுந்து வந்துவிடலாம். ஆனால் வழக்கே போடாமல் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: அந்தப் பேச்சுக்காகக் காலவரையறைச் சட்டம் காத்திருக்காது.

நான் ஒப்புக்கொள்ளும் அந்த ஒரு காரணம், ‘வலுத்தவன் அமுக்கிவிடுவான்’ என்பது. பயம் இருக்கிற இடத்தில் அது நிஜம். போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம், மிரட்டல் போன்ற கடுமையான குற்றச்சாட்டுகள் உள்ள வழக்குகள் இதற்குப் பொருந்தாது என்று அஃப்கான்ஸ் வழக்கில் 2010-இலேயே உச்ச நீதிமன்றம் வகைப்படுத்திவிட்டது. வீட்டில் அடிபட்டு வந்த பெண்ணை ‘அனுசரித்துப் போம்மா’ என்று திருப்பி அனுப்புவதற்குச் சமரசம் என்ற பெயரே தகாது. சமரசர் ஒவ்வொரு தரப்பையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதன் பயன்களில் ஒன்று, இந்தப் பயத்தைக் கண்டுபிடிப்பது. கணவனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் பதில் சொல்கிறாள் என்றால், அங்கே ஒரு கையெழுத்தும் வாங்கக் கூடாது. அந்தக் கேஸ் கட்டு அன்றைக்கே நீதிபதியின் மேசைக்குப் போக வேண்டும்.