ஷெங்கன் வெறும் காட்சிப்பொருளா?

லக்ஸம்பர்க், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய மூன்று தேசங்களும் கூடுமிடத்தில், மோசெல் நதிக்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் ஷெங்கன் என்ற சிற்றூரின் பெயரை, ஐரோப்பாவுக்கு விசா வேண்டி வரிசையில் நின்ற நம்மவர் அனைவரும் அறிவர். 1985 ஜூன் 14-ஆம் தேதி 'பிரின்சஸ் மரீ-ஆஸ்ட்ரிட்' என்ற படகில் ஐந்து தேசங்களின் பிரதிநிதிகள், தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்குவதற்காக அங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஞாபகார்த்தமாக, 2010-இல் அவ்வூரில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தை அறிந்தவர் சிலரே. அதில் மனத்தைக் கவர்வது, ஒரு காலத்தில் எல்லைக் காவலரும் சுங்க அதிகாரிகளும் அணிந்திருந்த தொப்பிகளின் வரிசை. எந்தத் தொப்பியைக் கண்டதும் பிரயாணி பையைத் திறந்து காட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் பணிவாகப் பதில் சொன்னானோ, அந்தத் தொப்பி கண்ணாடிக்குள் வெறும் துணியும் சின்னமுமாக இருக்கிறது. வெளியே வெண்கல நட்சத்திரங்கள் பதித்த தூண்களும், பெர்லின் சுவரின் துண்டும் நிற்கின்றன.

லட்சிய வேகம் ஒன்றே இவ்வளவையும் சாதித்தது என்பது சரித்திரமாகாது. சுங்கச் சாவடிகளில் காத்துக் காத்துச் சலித்த லாரி ஓட்டுநர்கள் 1984-இல் சாலைகளை மறித்ததும், அவ்வாண்டு ஜூலையில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் சார்ப்ரூக்கனில் ஓர் உடன்பாட்டுக்கு வந்ததும் அதன் பூர்வ கதை. ஷெங்கனுக்கோ பிரதான மந்திரிகள் வரவில்லை. துணை நிலையிலிருந்தவர்களே வந்து ஒப்பமிட்டார்கள். அப்படி அசிரத்தையாகப் பிறந்த ஏற்பாடு 1995-இல் ஏழு நாடுகளில் அமலுக்கு வந்து, இன்று 29 நாடுகளில் வியாபித்திருக்கிறது. அண்டை நாடுகளிலிருந்து லக்ஸம்பர்க்குக்கு வேலைக்கு வந்து போவோர் மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல்.

இந்நிலையில், 2024 செப்டம்பர் 16 முதல் தன் தரைவழி எல்லைகள் அனைத்திலும் சோதனையை விதித்த ஜெர்மனி, 'தற்காலிகம்' என்று சொல்லிக்கொண்டே தவணைமேல் தவணையாக அதை நீட்டித்தது நியாயமாகாது என்பதே நம் அபிப்பிராயம். சோதனை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு அந்நாட்டின் ஸோலிங்கன் நகரில் மூவர் கத்திக்குத்துக்கு இரையான கொடுமையையும், அதனால் ஜனங்களிடையே எழுந்த அச்சத்தையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அந்தக் கொலையாளி முன்பே நாட்டுக்குள் இருந்தவன். பல்கேரியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டியவன், அனுப்பப்படவில்லை. அலுவலகத்தில் நேர்ந்த தவறுக்கு எல்லைச் சாலையில் பரிகாரம் தேடுவது என்ன நிர்வாகம்?

சட்டமும் இந்த நீட்டிப்புக்கு முற்றிலும் அனுகூலமாக இல்லை. ஆஸ்திரியாவின் ஸ்பீல்ஃபெல்ட் எல்லையில் பாஸ்போர்ட்டைக் காட்ட மறுத்ததற்காக 36 யூரோ அபராதம் செலுத்தப் பணிக்கப்பட்ட ஒரு பிரயாணி, விடாப்பிடியாக வழக்காடியதன் பயனாக, புதிய ஆபத்து எதையும் காட்டாமல் பழைய காரணத்தையே சொல்லிச் சோதனையை ஆறு மாதத்துக்கு மேல் நீட்டிக்கலாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2024-இல் திருத்தப்பட்ட விதிகள் காலவரம்பைத் தளர்த்தினவேயன்றி, சோதனை கடைசி உபாயம் என்ற நிபந்தனையை நீக்கவில்லை.

உள்ளே கதவுகளைத் திறந்த இவ்வொப்பந்தம் வெளியே மதிலை உயர்த்தியது என்ற மனக்குறை நம்மவர்க்கு உண்டு. அது தனியே விவாதிக்க வேண்டிய வழக்கு. இப்போதைக்கு, ஐரோப்பிய ஆணையம் ஜெர்மனியிடம் இந்த நீட்டிப்புக்கான காரணத்தையும் ஆதாரத்தையும் பகிரங்கமாகக் கேட்கட்டும். திருப்தியான பதில் வராவிட்டால், உடன்படிக்கைகள் தனக்கு அளித்துள்ள அதிகாரத்தைக் கொண்டு லக்ஸம்பர்க்கில் வீற்றிருக்கும் அந்த நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரட்டும்.