ரூட்டருக்கு எதற்கு மானிட்டர்?

"பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், ரூட்டராக்கிக்கொள்ளுங்கள்" என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் சொல்வதே இல்லை. ரூட்டருக்கு ஆயுசு முழுக்க மானிட்டர் தேவையில்லை. மூலையில் வைத்துவிட்டு லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். நிறுவுகிற ஒரு நாள் மட்டும்தான் திரை வேண்டும். அந்த ஒரு நாள்தான் அது தெரிவேனா என்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டு இணைய இணைப்பு. மழை வந்தால் ஒன்று படுக்கும், தெருவில் பள்ளம் தோண்டினால் இன்னொன்று. ஒன்று போனால் தானாக மற்றதற்கு மாற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பரண் மேல் ஒரு கோர் 2 டுவோ கிடந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய நெட்வொர்க் கார்டு ஒன்று கிடைத்தது. மென்பொருளுக்குக் காசு வேண்டாம். 2004-இல் மோனோவால் என்ற ரூட்டர் மென்பொருளிலிருந்து பிஎஃப்சென்ஸ் கிளைத்தது, அதிலிருந்து 2015-இல் ஓபிஎன்சென்ஸ். எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். அந்தக் குடும்பத்தில் ஒன்றை எடுத்தேன்; எது என்று சொல்லி ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை.

வீட்டில் தனி மானிட்டர் கிடையாது, டிவி உண்டு. விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வெர்ட்டரை மாட்டினால், "இந்த மோடு ஆதரிக்கப்படவில்லை" என்று டிவி ஒரு பெட்டியைக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது. கடைக்காரத் தம்பியிடம் கேட்டால், "விண்டோஸ் போட்டா வருதுல்ல சார்? அப்ப உங்க சாஃப்ட்வேர்லதான் கோளாறு" என்கிறான். கோளாறு அங்கே இல்லை. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏவின் எழுத்துத் திரை 720×400 புள்ளி, நொடிக்கு 70 முறை. பழைய கணினிகளின் பயாஸ் அதில்தான் வாய் திறக்கிறது. மலிவு கன்வெர்ட்டர் அதை மாற்றாமல் அப்படியே தள்ளிவிடும். சினிமா பார்க்கச் செய்த டிவிக்கு அந்தக் கணக்கே தெரியாது. விண்டோஸ் மேலே வந்து வேறு அளவுக்கு மாறியபின் படம் வரும், அதற்குள் பயாஸும் பூட் மெனுவும் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி என்று தெருமுனை ஜெராக்ஸ் கடை அக்காவிடம் பழைய மானிட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். பயாஸ் வந்தது. பூட் மெனு வந்தது. கெர்னல் ஏறத் தொடங்கி, நான்கைந்து வெள்ளை வரிகள் ஓடி, திரை கறுத்துப்போனது. பெட்டிக்குள் விசிறி சுற்றுகிறது, ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்குகிறது. என்ன நடக்கிறதென்று சொல்லத்தான் ஆளில்லை.

இதற்குக் காரணம் ஒன்றல்ல என்பதுதான் எரிச்சல். முதல் சந்தேகம் இறக்கிய கோப்பின் மேல். ஒரே பதிப்புக்கு விஜிஏ என்று ஒரு கோப்பு, சீரியல் என்று ஒரு கோப்பு. சீரியல் கோப்பை எழுதி மாட்டியவருக்கு ஆரம்ப வரிகள் மட்டும் தெரியும், பிறகு திரை உறைந்துவிடும். கணினிக்கு ஒரு நோவும் இல்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து வேறு யாரிடமோ போன் பேசுகிறவரைப் போல, பின்பக்கத்து ஒன்பது முள் போர்ட்டில் பேசிக்கொண்டிருக்கும். "நான் அங்கே இருக்கிறேன்" என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? என்னிடம் இருந்ததோ விஜிஏ கோப்புதான். ஆக, அது இல்லை.

அடுத்த சந்தேகம் கன்சோல் டிரைவர். ஃப்ரீபிஎஸ்டியில் முன்பு எஸ்சி என்ற பழைய டிரைவர் இருந்தது. சாதாரண எழுத்துத் திரையோடு திருப்தியாகக் காலம் தள்ளியது. 2016-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து விடி என்ற புதியது தானாக வருகிறது. இது திரையை கிராஃபிக்ஸ் மோடுக்கு மாற்றும். யூனிகோடெல்லாம் காட்டுமாம். ஐபி முகவரி நாலு எண் தெரிந்தால் போதும் என்கிறவனுக்கு யூனிகோடு எதற்கு? பழைய ஆன்போர்டு கிராஃபிக்ஸ் சிலவற்றில் இந்த மாற்றம் ஒத்துப்போவதில்லை. பழையதற்குத் திரும்ப வழி உண்டு: பூட் மெனுவில் 3-ஐ அழுத்தினால் ஓகே என்று ஒரு குறி வரும். அங்கே கெர்ன்.விடிஒய் என்பதை எஸ்சி என்று மாற்றி பூட் கொடுக்க வேண்டும். மெனு சில நொடிதான் காத்திருக்கும். எல்சிடி மானிட்டர் மோடு மாறி விழிப்பதற்கே அதில் பாதி போய்விடும்.

அப்படிக் கொடுத்தபின் திரை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று சொல்ல மாட்டேன், முதுகு வலிதான் இருந்தது. நிறுவி முடித்து மறுபடி பூட் ஆனால், மீண்டும் இருட்டு. கொடுத்த கட்டளை அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான்! நிலையாக வேண்டுமென்றால் பூட் அடைவில் லோடர்.கான்ஃப்.லோக்கல் என்ற கோப்பில் எழுத வேண்டும். லோடர்.கான்ஃபிலேயே எழுதினால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு அதை மாற்றி எழுதிவிடும். இந்த நேரம் பார்த்து அது இருட்டுக்குள் உட்கார்ந்து கேள்வி கேட்கும்: விலான் வேண்டுமா? எது வான், எது லான்? பதில் சொல்லாமல் நகராது. கேள்வியே தெரியாதவன் என்னத்தைத் தட்டுவது? எல்லாம் முடிந்து தயாரானதும் உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் பீப் பீப் என்று ஒரு மெட்டுப் போடும். பாட்டுப் பாடத் தெரிகிறது, படம் காட்டத்தான் தெரியவில்லை.

இடையில், திரைக்குப் பதிலாக அந்த ஒன்பது முள் போர்ட் வழியே பேசிவிடலாமென்று சீரியல் கேபிளும் தேடிப் பார்த்தேன். "எடை மெஷினுக்கா சார்?" என்று கேட்டு ஒன்றை நீட்டினார்கள். அது நேர் கேபிள். கணினிக்கும் கணினிக்கும் கிராஸ் கேபிள் வேண்டும். வேகம் 115200 என்று இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பை எழுத்தாகக் கொட்டும். விட்டுவிட்டேன்.

எப்படியோ ஓடுகிறது. மானிட்டரைத் திருப்பிக் கொடுத்து, பெட்டியை ஷூ ஸ்டாண்டுக்கு மேல் ஏற்றி, ஊரெல்லாம் பெருமை பேசியாயிற்று. போன வாரம் ராத்திரி முழுக்க கரன்ட் இல்லை. காலையில் கரன்ட் வந்தது, இணையம் வரவில்லை. மதர்போர்டு பேட்டரி செத்துப்போய் பயாஸ் செட்டிங் எல்லாம் மறந்துவிட்டது. கீபோர்டு இல்லாவிட்டாலும் பூட் ஆகு என்று மாற்றி வைத்திருந்ததும் அதில் போயிற்று. இந்தக் காலத்து போர்டுகளைச் சொல்லவில்லை, என்னுடையது கீபோர்டு இல்லை, எஃப்1-ஐ அழுத்து என்று காத்திருக்கும் ரகம். கீபோர்டு இல்லாதவனை எந்தக் கீயை அழுத்தச் சொல்கிறது, கேட்டுச் சொல்லுங்கள்.

சிஆர்2032 பேட்டரி வாங்கிப் போட்டாகிவிட்டது. செட்டிங்கைத் திரும்ப மாற்றத் திரை வேண்டுமே. ஜெராக்ஸ் கடைக்குப் போய் நின்றால், நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா கேட்கிறார்: "என்ன சார், மறுபடியும் மானிட்டரா? ரூட்டருக்கு அதெல்லாம் வேண்டாம்னு சொன்னீங்களே!"