சுவருக்குப் பணம், சொல்லித் தருவார்க்கு?

கல்லும் மரமும் மட்டுமே கல்லூரி ஆகா. ஆயினும் ஒழுகும் கூரையின் கீழும், நிலம் அதிர்ந்தால் சரியும் சுவர்களின் நடுவும் கல்வி நிலைபெறாது. இவ்விரண்டு உண்மைகளுள் ஒன்றைப் பற்றி மற்றதைக் கைவிடும் நாடு ஒற்றைக் காலில் நடக்க முனைவதாகும். இதற்கு அமெரிக்க நாட்டுக் கலிபோர்னிய மாநிலக் குமுகாயக் கல்லூரிகளின் கட்டடப் புதுக்கமே தக்க சான்று.

குமுகாயக் கல்லூரி உழைக்கும் மக்களுக்காக வாயில் திறந்து வைத்த கல்லூரி. சிலரைப் பொறுக்கியெடுக்காது, வருவார் அனைவரையும் ஏற்பது. கலிபோர்னியாவில் 1984 வரை அங்குப் பயிற்றுக் கட்டணமே இருந்ததில்லை.

அம்மாநிலத்தார் கட்டட உறுதியைப் பட்டுணர்ந்தவர்கள். 1933 மார்ச்சு மாலையொன்றில் இலாங்கு பீச்சு நகரை நிலநடுக்கம் உலுக்கியது. பள்ளிக் கட்டடங்கள் பல நொறுங்கின. பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டமையால் உயிர் பிழைத்தனர். ஒரே திங்களில் பள்ளிக் கட்டட உறுதிக்கெனப் 'பீல்டு சட்டம்' பிறந்தது.

1978இல் மக்கள் தம் ஒப்போலையாலேயே வீட்டு வரிக்கு வரம்பு கட்டினர். வட்டாரக் கல்லூரிகளின் வருவாய் சுருங்கியது, பழுதுபார்க்கப் பணமில்லை. பின்னர்க் கடன்முறியே வழியாயிற்று. 'மலையடி' எனப் பொருள்படும் பெயர்கொண்ட பூட்கில் கல்லூரியைப் பாருங்கள். 1961இல் குன்றின்மேல் திறக்கப்பெற்ற அக்கல்லூரியின் அகன்ற தாழ்கூரைகளும் செந்நிற மரச்சுவர்களும் கட்டடக் கலைஞரின் பாராட்டைப் பெற்றவை. அதற்கும் அதன் இணைக் கல்லூரியான தி ஆன்சாவுக்குமாக அவ்வட்டார மக்கள் 1999இல் 24 கோடியே 80 இலக்கம் தாலருக்கும், 2006இல் 49 கோடியே 8 இலக்கம் தாலருக்கும் கடன்முறி வெளியிட ஒப்பினர். தம் வீட்டின்மேல் தாமே வரி ஏற்றிக்கொண்ட மக்கள் அவர்கள்!

2000ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், 55 விழுக்காட்டு ஒப்போலை இருந்தாலே இத்தகு கடன்முறி வெளியிடலாம் என்றது. கூடவே ஆண்டுதோறும் கணக்காய்வும், பொதுமக்கள் மேற்பார்வைக் குழுவும் வேண்டுமென்றது. கல்லூரி ஊழியரும் அங்கு வேலையெடுப்போரும் அக்குழுவில் அமரலாகாது. கொடுத்தவனே கணக்குக் கேட்கும் இம்முறை போற்றத்தக்கது.

ஆனால் அச்சட்டமே, அப்பணத்தில் ஆசிரியர் சம்பளத்துக்கு ஒரு காசும் கூடாதென்கிறது. நெடுநாட் கடனை நாட்செலவுக்கு உண்ணலாகாது என்பது முறையே. அதை நாம் மறுக்கவில்லை. விளைவை மட்டும் எண்ணிப் பாருங்கள்! சுவருக்கு மக்கள் கடன்படுகின்றனர். ஆசிரியரோ மாநில அரசின் ஆண்டு வரவுசெலவை நோக்கிக் காத்திருக்கிறார். அக்கல்லூரி ஆசிரியருள் பகுதிநேரத்தாரே மிகுதி. ஒரு நாளில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஓடும் அவர்களுக்கு 'நெடுஞ்சாலையில் பறப்போர்' என்றே பெயர் வழங்குகிறது. புத்தாய்வகம் ஒளிவிடுகிறது, ஐயம் கேட்க வரும் மாணவனோடு அமர்ந்து பேச அவ்வாசிரியருக்கு நேரமில்லை!

கட்டடம் புதுக்குக, நிலநடுக்கத்துக்கு அசையாதவாறு புதுக்குக, நடக்க இயலாதாரும் நுழையுமாறு புதுக்குக, நல்ல பழங்கட்டடத்தை இடிக்காது காத்துப் புதுக்குக. ஆனால் ஒப்போலை கேட்டு வரும்போதே, "இவ்வறைகளில் நிலையாக நின்று கற்பிப்பார் எத்தனைபேர்? அவர்க்கு ஊதியம் எங்கிருந்து வரும்?" என்று மக்கள் கேட்டாக வேண்டும். செங்கல்லுக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்தவர், கல்விக்கும் கேட்கலாம். கேளாவிடின், முப்பதாண்டுக் கடனில் எழுந்த மாளிகை, விளக்கெரியும் வெற்றிடமாகவே நிற்கும்.