பெண்கள் பந்தயமும் சாந்தியின் பதக்கமும்

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நமது தோழர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு வயது 14. பள்ளிக்கூடங்களுக்குள் நடந்த ஓட்டப் பந்தயம் ஒன்றில் அந்தப் பெண் முதலாவதாக வந்தாளாம். வந்தவுடனே, தோற்றுப்போன பிள்ளைகளைச் சேர்ந்த பெரியவர்கள் சிலர், “குரலைப் பார், நடையைப் பார், இது பெண்தானா?” என்று அவள் காதில் விழும்படியே பேசினார்களாம். அன்று முதல் அவள் மைதானத்துப் பக்கம் போக மறுக்கிறாள். “டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக் காட்டட்டுமா?” என்று தோழர் கேட்கிறார். அதே தபாலில் மதுரை நகரத்து வாலிபர் ஒருவர், “திருநங்கைகளைப் பெண்கள் பந்தயத்தில் ஓட விடலாமா? இதில் சுயமரியாதைக்காரர்களின் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டிருக்கிறார்.

இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஆனால் தெருவிலும் டீக்கடையிலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பேசுகிறபடியால், இரண்டுக்கும் சேர்த்தே நமது அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, பெண்களுக்கென்று தனிப் பந்தயம் எதற்காக ஏற்பட்டது? பெண் அறிவில் குறைந்தவள் என்பதற்காக அல்ல. பருவம் வந்தபின் ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு மிகுதியாக ஊறி, எலும்பு நீண்டு, தசை பெருத்து, இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியும் கூடுகிறது. இதன் பயனாக உலகத்து முதல்தர ஓட்டக்காரர்களுக்குள்ளே ஆணுக்கும் பெண்ணுக்கும் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு வேக வித்தியாசம் இருக்கிறது. இது கண்ணால் கண்டு, கடிகாரத்தால் அளந்த உண்மை. பகுத்தறிவுக்காரர்கள் தங்களுக்கு வசதியான உண்மையை மாத்திரம் ஒப்புக்கொண்டு மற்றதை மறைக்கக் கூடாது.

மதுரைக்கு அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி என்ற பெண், தாய் தகப்பன் இல்லாமல், கூலி வேலை செய்த பாட்டியின் கையில் வளர்ந்து, வெறுங்காலில் ஓடிப் பழகி, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பெண்களுக்கென்று தனிப் பந்தயம் இல்லாதிருந்தால் அவருடைய பெயர் சக்கிமங்கலத்தைத் தாண்டியிருக்குமா? ஆகவே பெண்கள் பந்தயத்திற்கு வேலி வேண்டியதுதான். அந்த வேலியை எதைக்கொண்டு போடுவது, யாரைக்கொண்டு போடுவது என்பதுதான் கேள்வி.

இயற்கையானது மனிதரை ஆண், பெண் என்று இரண்டே அச்சில் வார்த்துத் தள்ளுவதில்லை. பெண்ணாகவே பிறந்து, பெண் என்றே வளர்க்கப்பட்டு, தன்னைப் பெண் என்றே அறிந்த சிலருக்கு உள்ளே ஆணுக்குரிய ஒய் குரோமோசோம் இருப்பதுண்டு. சிலருக்கு அந்தச் சுரப்பு ஊறினாலும் உடல் அதை ஏற்பதே இல்லை. சிலருக்கு ஓரளவு ஏற்கிறது. இது அவர்கள் செய்த குற்றமுமல்ல, பூர்வஜன்ம பாவமுமல்ல. இவர்கள் வேறு. ஆண் என்று வளர்க்கப்பட்டு, தம்மைப் பெண் என்று உணர்ந்து, அப்படியே வாழத் துணிந்த திருநங்கைகள் வேறு. குரல் கட்டையாகவும் தேகம் திடமாகவும் இருக்கிற சாதாரணப் பெண்கள் வேறு. இந்த மூன்று பேரையும் ஒரே வசைச் சொல்லில் அடக்குகிறவர்களுக்கு நியாயத்தைப் பற்றிப் பேச யோக்கியதை ஏது?

மதுரைக்காரர்களை நாம் ஒன்று கேட்கிறோம். மீனாட்சி மூன்று ஸ்தனங்களோடு பிறந்தாள் என்று தலபுராணம் சொல்லுகிறது. அவளுக்கு வருஷந்தோறும் பட்டாபிஷேகம், கல்யாணம், தேர் எல்லாம் நடத்துகிறீர்கள். அந்த அம்மனிடம் டாக்டர் சர்டிபிகேட் கேட்டவர் எவரேனும் உண்டா? அர்த்தநாரி என்று கல்லிலே பாதி ஆணும் பாதி பெண்ணுமாகச் செதுக்கி வைத்துப் பாலாபிஷேகம் செய்கிறவர்கள், உயிருள்ள ஒரு ஏழைப் பெண்ணின் உடலைக் கண்டால் மாத்திரம் ஏன் ஊளையிட வேண்டும்?

நிற்க, நம் கண் முன்னே நடந்த ஒரு அநியாயத்தைச் சொல்லுகிறோம். புதுக்கோட்டை ஜில்லா கத்தக்குறிச்சியில் செங்கல் சூளையில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி. 2006 டிசம்பரில் தோகா நகரத்து ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிஷம் 3.16 செகண்டில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். உடனே அவரை டாக்டர்கள் கூட்டம் ஒன்றிடம் அழைத்துப் போய்ச் சோதித்தார்கள். எதற்காகச் சோதிக்கிறார்கள் என்பதே தமக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று சாந்தியே பிறகு சொல்லியிருக்கிறார். சில நாட்களில், பெண் சோதனையில் தேறவில்லை என்று உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் பறையடித்தன. பதக்கமும் பறிக்கப்பட்டது.

அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி, பதக்கம் பறிபோன செய்தி வந்த பிறகும், வாக்களித்த 15 லட்ச ரூபாயைக் கொடுத்தார். அதற்காக அவரைப் பாராட்டுகிறோம். ஆனால் பணம் ஊர் வாயை அடைக்குமா? 2007-இல் சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். 2012-இல் திரும்பவும் செங்கல் சூளையிலே கூலிக்கு நின்றார். நிரந்தரமான பயிற்சியாளர் உத்தியோகம் 2016-இல்தான் கிடைத்தது. பத்து வருஷம்! ஒரு கள்ளனுக்குக்கூட வழக்கு, சாட்சி, வக்கீல், அப்பீல் என்று உண்டு. சாந்திக்கு என்ன இருந்தது?

இதே காரியம் மற்றவர்களுக்கு எப்படி முடிந்தது என்று பாருங்கள். ஸ்பெயின் தேசத்து மரியா பத்தீனியோ 1985-இல் இதே சோதனையில் தள்ளப்பட்டார். அவர் போராடியதில் 1988-இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் எட்டுப் பெண்கள் இச்சோதனையில் தேறவில்லை. எட்டுப் பேரையும் பந்தயத்தில் கலந்துகொள்ள விட்டார்கள். அவர்களில் ஒருவரையும் தெருவிலே இழுத்துவிடவில்லை. ஒடிசாவில் நெசவாளி வீட்டுப் பெண் தூத்தி சந்த் 2014-இல் விலக்கப்பட்டபோது, சர்க்கார் விளையாட்டு அதிகாரிகள் துணை நின்றார்கள். வழக்கு சுவிட்சர்லாந்து வரை போய், 2015-இல் அந்த விதியே நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 ஆசிய விளையாட்டில் அவர் இரண்டு வெள்ளி வாங்கினார். வழக்காட ஆளும் பணமும் இருந்தவர்களுக்கு நியாயம் கிடைத்தது. சூளைக்காரர் மகளுக்கு மாத்திரம் கிடைக்கவில்லை. இதை விதி என்று சொல்லுகிறவர்கள் விதியைச் சொல்லவில்லை. நமது சமூகத்தின் மேல் கீழ் என்னும் அமைப்பைத்தான் சொல்லுகிறார்கள்.

இனித் திருநங்கைகள் விஷயம். ஆணாய்ப் பருவமடைந்தபின் மருந்தினால் சுரப்பைக் குறைத்தால், இரத்தத்தின் சக்தி சில மாதங்களிலேயே பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் தசையின் பலம் ஒரு வருஷத்திற்குப் பிறகும் பெரும்பாகம் நிற்கிறது, நீண்ட எலும்போ குறுகுவதில்லை என்று இதுவரை நடந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பந்தயத்திற்கென்றே பழகிய திருநங்கைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியோ மிகக் கொஞ்சம். உலகத் தடகளச் சங்கம் 2023 மார்ச்சில், ஆண் பருவம் கடந்த திருநங்கைகள் பெண்களுக்கான உலகப் பந்தயங்களில் ஓடக்கூடாது என்று தீர்மானித்தது. பதக்கமும் பிழைப்பும் தொங்குகிற உச்சிப் பந்தயங்களில் இப்படி ஒரு எல்லை வைப்பதை நாம் அநியாயம் என்று சொல்ல மாட்டோம். ரேவதியைப் போன்ற பெண்கள் ஒரு செகண்டைக் குறைப்பதற்கு ஆயுசில் பாதியைக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் நியாயம் வேண்டாமா?

ஆனால் கதவை அடைத்தவர்கள் வேறு கதவு திறந்தார்களா என்று கேட்கிறோம். 2008-இல் திருநங்கைகளுக்கென்று முதன்முதலாக நலவாரியம் வைத்த தமிழ்நாட்டிலே, அவர்கள் ஓடி விளையாட ஒரு வழி செய்வது பெரிய காரியமா? மேலும், உலகப் பந்தயத்து விதியைக் கொண்டுவந்து ஊர்ப் பொங்கல் விளையாட்டிலும் பள்ளிக்கூடத்துப் பந்தயத்திலும் பூட்டு போடுவது எதற்கு? அங்கே பரிசு ஒரு எவர்சில்வர் குடம். அதற்காக ஒரு பிள்ளையின் மானத்தை வாங்குவதா?

2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளப் போட்டிகளில் ஓடும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு தரம் ஜீன் சோதனை என்று விதி வந்துவிட்டது. ஒருத்தியை மாத்திரம் சந்தேகத்தின் பேரில் பிடித்து இழுப்பதைவிட எல்லோருக்கும் பொது என்பது மேல் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால், அந்த ஜீனை 1990-இல் கண்டுபிடித்தவர்களில் முதல்வரான ஆண்ட்ரூ சின்கிளேரே, அது இருக்கிறதா என்பதை மாத்திரம் வைத்து ஆண் பெண் என்று முடிவுகட்ட முடியாது என்கிறார். ஆதலால் சோதனை வைக்கிறவர்கள் முன்னதாகவே அவரவர் தாய்மொழியில் விளக்கிச் சொல்லி, முடிவை ரகசியமாக வைத்து, அப்பீலுக்கு இடமும் செலவும் கொடுக்க வேண்டும். இவையில்லாத சோதனை வெறும் மானபங்கம்தான்.

மதுரைக்கு ஒரு பெருமை உண்டு. ஆணா பெண்ணா என்று தெளிவில்லாமல் பிறக்கும் குழந்தைகளை, அவசியமின்றி அறுத்து ஒரு பக்கம் சேர்க்கும் சிகிச்சையைத் தடுக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே. அதே தீர்ப்பில், மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றும் சொல்லப்பட்டது. கோர்ட்டுக்கு வந்த புத்தி மைதானத்துக்கும் வர வேண்டாமா?

திருமங்கலத்துத் தோழருக்கு நாம் சொல்லுவது இதுதான். சர்டிபிகேட் வாங்க வேண்டாம். வாங்கினால் உங்கள் மகள் பெண் என்பதற்கு அத்தாட்சி கேட்க ஊரானுக்கு உரிமை உண்டென்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். பள்ளிக்கூடத்துப் பந்தயத்தில் எந்த விதியும் அதைக் கேட்கவில்லை. தலைமையாசிரியரைக் கண்டு, வசை பேசினவர்களைக் கண்டிக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். மறுநாள் விடியற்காலையில் நீங்களே கூடப்போய் அவளை மைதானத்தில் விடுங்கள். உங்கள் ஊர்த் தோழர்கள் நாலு பேரையும் அழைத்துப் போங்கள்.

சாந்தி எந்த மருந்தும் தின்னவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பெண் என்றே பிறப்புப் பதிவு, பெண் என்றே வளர்ப்பு, பெண் என்றே ஓட்டம். இனிமேல் வரும் பந்தயங்களுக்கு என்ன விதி வேண்டுமானாலும் அறிவைக்கொண்டு செய்யட்டும். யோக்கியமாக ஓடினவரைப் பொய்யர் போல் தண்டிக்க எந்த விதிக்கும் நியாயமில்லை. ஆகையால், அவருடைய வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆசியச் சங்கத்திடம் வாதாட வேண்டும் என்றும், அதற்குச் சர்க்கார் வக்கீலும் பணமும் கொடுக்க வேண்டும் என்றும் ஊர்தோறும் கூட்டம் போட்டுத் தீர்மானம் அனுப்பும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.