கார் லீஸுக்கு எடுக்கலாமா, சொந்தமா வாங்கலாமா? கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

முன்பணம் வேண்டாம், மாத வாடகை கட்டினால் போதும், புது கார் வீட்டு வாசலில் நிற்கும். கார் லீஸ் விளம்பரங்கள் சொல்வது இதைத்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கும் நன்றாக இருக்கிறதா? பார்க்கலாம் வாங்க.

வீட்டு லீஸ் வேற, கார் லீஸ் வேற

நம்ம ஊரில் லீஸ் என்றாலே வீட்டு லீஸ்தான் நினைவுக்கு வரும். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வோம். கார் லீஸ் அப்படி இல்லை. மாதாமாதம் கட்டும் பணம் திரும்ப வராது. 2 முதல் 5 ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது மீதி விலையைக் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஏன் எடுக்கிறார்கள்? சாலை வரி, இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் பெரும்பாலும் வாடகைக்குள்ளேயே அடங்கிவிடும். பழைய காரை விற்கும் தலைவலியும் இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

ஆன்ரோடு விலை 10 லட்சம் ரூபாய் உள்ள ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

சொந்தமாக வாங்கினால்: முன்பணம் 2 லட்சம். மீதி 8 லட்சத்துக்கு 9% வட்டியில் 5 ஆண்டு கடன். இஎம்ஐ சுமார் 16,600 ரூபாய். முன்பணத்தோடு சேர்த்து மொத்தம் சுமார் 12 லட்சம். இன்ஷூரன்ஸ், சர்வீஸுக்கு ஆண்டுக்கு 40,000 வைத்தால் இன்னொரு 2 லட்சம். ஆக, 14 லட்சம். ஐந்தாம் ஆண்டு முடிவில் காரை 4 லட்சத்துக்கு விற்றால், உண்மையான செலவு 10 லட்சம்.

லீஸுக்கு எடுத்தால்: மாதம் 25,000 என்று வைத்தால், 5 ஆண்டுக்கு 15 லட்சம். கையில் கார் இருக்காது.

வித்தியாசம் 5 லட்சம்! காரை விற்காமல் இன்னும் 4, 5 ஆண்டு ஓட்டினால் இடைவெளி இன்னும் பெரிதாகும். ஏனென்றால் இஎம்ஐ முடிந்த பிறகு ஓடும் ஆண்டுகள்தான் காரில் மலிவான ஆண்டுகள்.

காரின் மதிப்பு வேகமாகக் குறைவது முதல் சில ஆண்டுகளில்தான். இன்ஷூரன்ஸ் கணக்கிலேயே 3 ஆண்டு முடிவதற்குள் 30%, 5 ஆண்டு முடிவதற்குள் 50% தேய்மானம் கழிக்கப்படுகிறது. லீஸில் நீங்கள் கட்டுவது பெரும்பாலும் இந்தத் தேய்மானத்துக்கான விலைதான். ஒரு லீஸ் முடிந்து அடுத்த புது கார் எடுத்தால், அதே செலவு முதலிலிருந்து தொடங்கும்.

யாருக்கு லீஸ் லாபம்?

அலுவலகம் மூலமாக எடுக்கும் சம்பளக்காரர்களுக்கு. சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முன்பே வாடகை கழிக்கப்படும். காரைச் சொந்த உபயோகத்துக்கும் ஓட்டுவதால், விதிப்படி ஒரு சிறு தொகை மட்டும் வருமானத்தில் சேரும். 30% வரி வரம்பில் இருப்பவருக்கு 25,000 ரூபாய் வாடகையில் மாதம் 7,800 ரூபாய் வரை வரி மிச்சமாகலாம். 5 ஆண்டுக்குப் பார்த்தால் சுமார் 4.7 லட்சம். மேலே பார்த்த 5 லட்சம் இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். வேலையை விட்டாலோ, வேலை போனாலோ பல நிறுவனங்களில் லீஸை அபராதத்தோடு முடிக்க வேண்டியிருக்கும். சொந்தக் கார் என்றால் விற்றுக் கடனை அடைக்க வழி உண்டு.

2, 3 ஆண்டு மட்டும் ஒரு ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கும், எலக்ட்ரிக் கார் பேட்டரி எவ்வளவு நாள் தாங்குமோ என்று யோசிப்பவர்களுக்கும் லீஸ் பொருந்தும். பேட்டரியை மட்டும் வாடகைக்குத் தரும் திட்டமும் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் அறிமுகமானபோது கார் விலை 9.99 லட்சம், பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய் என்று அறிவித்தார்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால் பேட்டரி வாடகையே 5,250 ரூபாய். சார்ஜ் செய்யும் செலவு தனி.

இதையெல்லாம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீங்க

* மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்? சென்னையில் இருப்பவர் மதுரைக்கு மாதம் இரண்டு முறை போய் வந்தாலே 1,800 கிலோமீட்டர் தாண்டிவிடும். வரம்பு 1,500 என்றால் மீதிக்குத் தனிக் கட்டணம்.
* சொல்லும் வாடகை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?
* நடுவில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு?
* திருப்பிக் கொடுக்கும்போது கீறல், நெளிவுக்கு யார் பணம் கட்டுவது?
* ஆர்சி புத்தகத்தில் யார் பெயர் இருக்கும்? வேறு மாநிலத்துக்கு மாறினால் என்ன செய்வது?

பதில்களை வாய்வார்த்தையாக இல்லாமல், ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அப்போ எதைத் தேர்வு செய்வது?

கார் எத்தனை ஆண்டு உங்களிடம் இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 5 ஆண்டுக்கு மேல் என்றால் சொந்தமாக வாங்குவதுதான் மிச்சம். 3 ஆண்டுக்கொரு முறை கார் மாற்றுபவர், அதிக வரி கட்டுபவர், வேலையில் உறுதி உள்ளவர் என்றால் லீஸ் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இஎம்ஐயையும் வாடகையையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். கடைசி நாளில் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.