லினக்ஸ் மேல ஏன்யா பழி போடறீங்க?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. இன்னிக்கு எழுத வெச்ச புண்ணியவான் ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் ஒருத்தர்.

அத்தை பையன் காலேஜ் சேர்ந்திருக்கான். பட்ஜெட் கம்மிங்கறதால பழைய லேப்டாப் பார்க்கப் போனோம். ஒண்ணு பிடிச்சிருந்தது, உள்ளே 500 ஜிபி ஹைபிரிட் ஹார்ட் டிஸ்க். "உபுண்டு போட்டுக்கலாம்டா"ன்னு நான் வாய விட்டதுதான் தப்பு. "தம்பி, இது ஹைபிரிட்டு. விண்டோஸ் மட்டும்தான் எடுக்கும். லினக்ஸ்னா எஸ்எஸ்டி மாத்தணும், அதுக்குத் தனியா ஆகும்"னாரு. பையன் முகம் சுருங்கிப் போச்சு.

இது சுத்தப் பேத்தல் மக்களே. ஆனா எங்கேர்ந்து வந்த பேத்தல்னும் தெரியும். 2007 வாக்கில வந்த முதல் ஹைபிரிட் டிஸ்குகள் விஸ்டாவோட ரெடிடிரைவ் வசதியை நம்பி செஞ்சவை. 2013ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட பிளாக்2 வந்தது. 120 ஜிபி எஸ்எஸ்டியும் 1 டிபி டிஸ்கும் ஒரே டப்பாவுக்குள்ள. அந்த 1 டிபி கண்ணுக்குத் தெரியணும்னா முதல்ல அவங்க விண்டோஸ் மென்பொருளை ஓட்டணும். இதுல லினக்ஸ் பண்ண பாவம் என்னங்க?

ஆனா 2010ல சீகேட் கொண்டுவந்த மொமெண்டஸ் எக்ஸ்டி வகை அப்படியில்லை. எந்தத் தகவலை ஃபிளாஷ்ல வைக்கணும்னு டிஸ்கோட ஃபர்ம்வேரே முடிவு பண்ணிக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா சாதாரண சாட்டா டிஸ்க்தான். டிரைவர் வேண்டாம், செட்டிங் வேண்டாம். நாங்க பார்த்ததும் இந்த வகைதான்.

குறையே இல்லைன்னு சொல்லமாட்டேன். ஃபிளாஷ் வெறும் 8 ஜிபி. டிஸ்குக்கு ஃபைல் பேரெல்லாம் தெரியாது, அடிக்கடி படிக்கற பிளாக்குகளைத்தான் ஞாபகம் வெச்சுக்கும். அதனால முதல் பூட் ஆமை வேகம், நாலஞ்சு தடவைக்கு அப்புறம்தான் சுறுசுறுப்பு. பெரிய அப்டேட் வந்தா புது ஃபைலெல்லாம் வேற பிளாக்குல உக்காரும், மறுபடி அ ஆ இ ஈ. விண்டோஸும் பக்கத்துலயே இருந்தா அந்த 8 ஜிபியில அதுவும் பங்கு கேக்கும். இன்னிக்குக் காசு குடுத்துப் புதுசா ஹைபிரிட் வாங்குன்னு யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனா கையில இருக்கறதை எதுக்குத் தூக்கிப் போடணும்?

லேப்டாப்பை அப்படியே வாங்கிட்டு வந்து உபுண்டு போட்டாச்சு. வைஃபைதான் ராத்திரி பூரா படுத்திச்சு, டிஸ்க் கம்முனு இருந்தது :-)

டிஸ்கி: பழைய டிஸ்க்னா வாங்கறதுக்கு முன்னாடி லைவ் யுஎஸ்பியில பூட் பண்ணி ஸ்மார்ட் டேட்டா பாருங்க. ரீஅலோகேட்டட் செக்டார் எண்ணிக்கை ஏறியிருந்தா, கடைக்காரர் சொல்ற மாதிரி எஸ்எஸ்டி மாத்திடுங்க.